செயற்கை மழை கேட்கும் நண்பர்களுக்கு

சித்திரை வெயில் ஏறி, கண்மாய்த் தரையில் வெடிப்பு விழ ஆரம்பித்ததும் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "துபாய்க்காரன் மேகத்துல மருந்து தூவி மழை வர வைக்கிறான் சார். நம்ம கவர்மெண்டுக்கு அது ஏன் முடியல?" கேட்பவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் இருப்பார், கூட்டுறவு வங்கியில் இருந்தவர் இருப்பார், இரண்டு பிள்ளைகளையும் வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் பெரியவர் இருப்பார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவையும் காட்டுவார்கள். விமானத்தின் இறக்கையில் பட்டாசு மாதிரி ஏதோ புகைந்துகொண்டிருக்கும்.

இந்தக் கோரிக்கை வீண் என்பது என் கருத்து. வெறும் வீண் என்றால்கூட விட்டுவிடலாம். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு அது ஒரு சாக்காகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் வானிலை படித்தவன் இல்லை. வருவாய்த்துறையில் இருந்தவன். ஆனால் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு மழையோடு ஒரு உத்தியோக உறவு உண்டு. ஆபீஸ் வளாகத்தில் கம்பி வேலிக்குள் மழைமானி இருக்கும். மேலே புனல், உள்ளே தண்ணீர் சேரும் பாத்திரம், பக்கத்தில் அளவு போட்ட கண்ணாடிக் குழாய். காலை எட்டரை மணிக்கு அதை அளந்து பதிவேட்டில் எழுதி, கலெக்டர் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். பேப்பரில் போடும் மழை அளவு என்பது முந்தைய நாள் காலை எட்டரை முதல் அன்று காலை எட்டரை வரை பெய்தது. இது பல பேருக்கு இன்னும் தெரியாது. ராத்திரி கொட்டிய மழையை மறுநாள் தேதியில் பார்த்துவிட்டு, "நேத்துப் பெய்ததை இன்னைக்குப் போட்டிருக்கான்" என்று திட்டுவார்கள். அப்படி வருஷக்கணக்கில் மில்லிமீட்டர் எழுதிய பழக்கத்தில், இந்த மழை எப்படித்தான் உண்டாகிறது என்று ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. ரிட்டயர்மெண்டுக்குப் பிறகு படிக்க நேரமும் கிடைத்தது.

நாம் பள்ளியில் படித்தது ஒரே ஒரு படம். கடலில் இருந்து அம்புக்குறி மேலே போகும், மேகம் வரும், மேகத்தில் இருந்து கோடு கோடாக மழை விழும். "கடல் நீர் ஆவியாகி மேகமாகிறது, மேகம் குளிர்ந்து மழையாகிறது." பரீட்சைக்கு அது போதும். மேகம் என்றால் நீராவி மூட்டை, அதை யாராவது ஒரு குத்துக் குத்தினால் மழை கொட்டும் என்ற எண்ணம் நம் மனசில் அந்தப் படத்தால்தான் விழுந்தது.

மேகம் ஆவி இல்லை. நீராவி கண்ணுக்கே தெரியாது. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீர்த் துளியாக மாறியது. மேகமும் அப்படித்தான். மிக மிகச் சிறிய தண்ணீர்த் துளிகளின் கூட்டம். உயரத்தில் இருப்பதில் பனித் துகள்களும் சேர்ந்திருக்கும். பஞ்சு மாதிரி தெரிவதால் எடையே இல்லை என்று நினைக்க வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் இருக்கிற வெள்ளை மேகத்தை எடுத்துக்கொண்டால், ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் தண்ணீர் என்று வைத்தாலே 500 டன் வரும். ஐம்பது லாரி லோடு தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, ஆவி எப்படித் துளியாகிறது? காற்று சூடாக இருந்தால் நிறைய ஆவி அதில் இருக்க முடியும், குளிர்ந்தால் குறைவாகத்தான் முடியும். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் வரை இருக்கலாம். இருபது டிகிரியில் 17 கிராம். பத்து டிகிரியில் 9 கிராம்தான். ஆக, ஈரக் காற்றைக் குளிர வைத்தால் மிச்சம் தண்ணீராக வெளியே வந்தாக வேண்டும். குளிர வைப்பது யார்? இங்கேதான் பள்ளிப் படம் நம்மை ஏமாற்றிவிட்டது. மேலே ஏதோ ஒரு குளிர்ந்த இடம் இருக்கிறது, அங்கே போய் ஆவி குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் காற்று மேலே ஏறுவதாலேயே குளிர்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவு, காற்று விரிகிறது, விரிவதற்கான சக்தியைத் தன் சூட்டில் இருந்தே எடுத்துக்கொள்கிறது. சைக்கிள் டியூபில் இருந்து காற்றைத் திறந்துவிட்டால் ஜில்லென்று வருமே, அதே கதை. கிலோமீட்டருக்குச் சுமார் பத்து டிகிரி குறையும். கீழே இறங்கினால் அதே கணக்கில் சூடாகும்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் நம் ஊர் மழையின் பாதி மர்மம் விலகிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது, அதை மேலே தூக்க ஆள் வேண்டும். மே மாதம் சென்னையில் மகன் வீட்டில் போய் இருந்தவர்களுக்குத் தெரியும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அத்தனை ஈரம் காற்றில். மழை ஒரு சொட்டு வராது. தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. கேரளத்தில் ஆனி, ஆடியில் அடித்து ஊற்றுகிறது என்றால், அரபிக்கடல் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை ஏணி வைத்து ஏற்றுவதுதான் காரணம். ஏறும்போது ஈரத்தை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது சூடான வறண்ட காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவிட்டு நாம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வால்பாறை பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து மலை இறங்கி உடுமலைப் பக்கம் வந்தால் காற்றாலை சுற்றுகிறது. காக்கை பறக்கும் தூரத்தில் அவ்வளவு வித்தியாசம்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான். வடகிழக்குக் காற்று வங்கக் கடலைத் தாண்டி வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. ஆனால் அதையும் யாராவது தூக்க வேண்டும். காற்றழுத்தத் தாழ்வு, தாழ்வு மண்டலம், புயல் என்று ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகினோமே, அவைதான் தூக்குகிற ஆட்கள். நாலாபக்கமும் இருந்து காற்று ஓடி வந்து ஓரிடத்தில் கூடினால், கீழே தரை. போக வழி மேலேதான். தாழ்வு ஒன்றும் உருவாகாத வருஷத்தில் அதே கடல், அதே காற்று, அதே ஈரம் எல்லாம் இருந்தும் நவம்பரில் சுள்ளென்று வெயில் அடிக்கும். 2016-இல் அதுதான் நடந்தது. பருவம் முழுவதற்கும் மாநில சராசரி 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 17-கூட முழுசாகப் பெய்யவில்லை. அந்த வருஷம் காவிரி டெல்டாவிலும் எங்கள் பக்கத்திலும் என்ன பாடு பட்டோம் என்பதை எழுதினால் அது தனிக் கதை.

இப்போது மருந்து தூவும் விஷயத்துக்கு வருகிறேன்.

காற்று குளிர்ந்து ஈரம் நிறைந்துவிட்டது, துளி வந்துவிடுமா? வராது. ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். 1875-இல் கூலியே என்ற பிரெஞ்சுக்காரரும், சில வருஷம் கழித்து ஜான் எய்ட்கென் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். எய்ட்கென் செய்தது எளிமையான காரியம். இரண்டு கண்ணாடிப் பாத்திரம். ஒன்றில் சாதாரணக் காற்று. இன்னொன்றில் பஞ்சு வழியாக வடிகட்டிய, தூசி இல்லாத காற்று. இரண்டிலும் நீராவியை விட்டார். முதல் பாத்திரத்தில் வெள்ளையாக மூடுபனி. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை, தெளிவாகக் கிடந்தது. கடல் உப்புத் துகள், புகை, புழுதி, இவை எல்லாம் இல்லாவிட்டால் வானத்தில் மேகமே கட்டாது. சமையலறைச் சாமான்களை வைத்துச் செய்யக்கூடிய ஒரு சோதனையில் இவ்வளவு பெரிய உண்மை கிடைத்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மேகம் கட்டிவிட்டது, மழை வருமா? அதுவும் உடனே வராது. மேகத் துளியின் குறுக்களவு சுமார் நூற்றில் இரண்டு பங்கு மில்லிமீட்டர். நம் மேல் விழுந்து தெறிக்கிற மழைத்துளி இரண்டு மில்லிமீட்டர். நூறு மடங்கு குறுக்களவு என்றால் கொள்ளளவில் பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சம் மேகத் துளி சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி! தனியாக ஒரு மேகத் துளி விழ ஆரம்பித்தால் ஒரு விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் கீழே இருந்து வரும் காற்று அதை மறுபடி தூக்கிவிடும், அல்லது வழியிலேயே காய்ந்து போகும். ஆடி மாதத்தில் கருகருவென்று தலைக்கு மேல் போகிற மேகத்தைப் பார்த்து எங்கள் அப்பத்தா, "போகுது பாரு, சீமைக்குப் போற துரை மாதிரி, திரும்பிக்கூடப் பார்க்காம" என்பார். அந்த மேகத்தில் தண்ணீர் இல்லாமல் இல்லை. துளிகள் சேர்ந்து பெரிதாக வழி இல்லை, அவ்வளவுதான்.

துளி பெரிதாவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சற்றே பெரிய துளிகள் இறங்கும்போது சின்னத் துளிகளை மோதிச் சேர்த்துக்கொண்டே வருவது. கடலோரத்து உப்புக் காற்றில் உண்டாகும் மேகங்களில் இது நன்றாக நடக்கும். இன்னொன்று பனி வழி. டோர் பெர்கரோன் என்ற ஸ்வீடன்காரர் 1922-இல் ஆஸ்லோ பக்கம் ஒரு ஊசியிலைக் காட்டுப் பாதையில் மூடுபனிக்குள் நடந்துகொண்டிருந்தார். ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வெப்பம் சைபருக்கு மேல் உள்ள நாளில் மூடுபனி பாதையில் தரை வரை வருகிறது. சைபருக்குக் கீழே நன்றாக இறங்கிய நாளில், மரக்கிளைகளில் பனி படிந்திருக்க, பாதையில் மூடுபனி விலகி நிற்கிறது. பனிக்கட்டி பக்கத்தில் இருந்தால் தண்ணீர்த் துளியில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டு விடுகிறது என்று பிடித்தார். உயரமான மேகத்தில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த பிறகும் உறையாமல் தண்ணீராகவே இருக்கும் துளிகள் ஏராளம். அங்கே ஒரு பனித் துகள் வந்துவிட்டால் சுற்றியுள்ள ஈரத்தைத் தின்று கொழுத்து, கனம் தாங்காமல் விழுந்து, வழியில் உருகி மழையாகும். நம் ஊர்க் கோடை இடி மழையும் பெரும்பாலும் மேலே பனியாக இருந்ததுதான். சில சமயம் உருகாமல் ஆலங்கட்டியாகவே வந்து மாம்பிஞ்சை உதிர்த்துவிட்டுப் போகிறதே, அதுவே சாட்சி.

இந்தப் பனி வழியில்தான் செயற்கை மழை நுழைந்தது. 1946-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் தன் ஆய்வுக்கூடத்து உறைபெட்டிக்குள் மூச்சை ஊதி ஒரு குட்டி மேகத்தை உண்டாக்கி வைத்திருந்தார். பெட்டி போதுமான அளவு குளிரவில்லை என்று உலர் பனிக்கட்டியைப் போட்டார். பெட்டி நிறைய மினுமினுவென்று பனித் துகள். நவம்பரில் விமானத்தில் ஏறி நிஜ மேகத்திலேயே அதைத் தூவிப் பார்த்தார். மேகத்தில் இருந்து பனி உதிர்ந்தது. அதே ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் வானகட், சில்வர் அயோடைடு என்ற உப்பும் அந்த வேலையைச் செய்யும் என்று கண்டார். அதன் படிகம் பனிக்கட்டி போலவே அடுக்கப்பட்டிருப்பதால் தண்ணீர்த் துளி ஏமாந்து உறைந்துவிடும். டீக்கடையில் சொல்கிற "மருந்து" இதுதான்.

நன்றாகக் கவனியுங்கள். அந்த மருந்து காற்றுக்கு ஈரம் கொடுக்காது. காற்றை மேலே தூக்காது. மேகத்தை உண்டாக்காது. ஏற்கெனவே திரண்டு நிற்கிற, உள்ளே குளிர்ந்த துளிகள் நிறைந்த மேகத்துக்கு ஒரு பனித் துகளை அறிமுகம் செய்து வைக்கிறது. தரகர் வேலை. பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாத ஊரில் தரகர் என்ன செய்வார்? அதுவும் நம் பக்கம் உறைநிலை என்பது ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் வளர்ந்த மேகம் என்றால் அது பெரும்பாலும் தானாகவே பெய்யத் தயாராக உள்ள மேகம். தாழ்ந்த மேகங்களுக்கு உப்புத் துகளைப் புகைக்கிறார்கள். அதற்கும் மேகம் வேண்டும்.

தமிழ்நாடு இதைச் செய்து பார்க்காமல் இல்லை. 1983-இல் தொடங்கி எண்பதுகளில் சில வருஷம், பிறகு 1993-94-இல் அரசே செய்தது. கர்நாடகம் 2003-இலும் 2017-இலும் செய்தது. பறந்த விமானத்தையும் செலவான தொகையையும் பற்றிச் செய்தி வந்தது. எந்த மாவட்டமும் பஞ்சத்தில் இருந்து மீண்டதாக வரவில்லை. 2025 அக்டோபர் 28-இல் டெல்லியில் காற்று மாசைக் கழுவக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் விமானம் மருந்தை எரித்துக்கொண்டு பறந்தது. மழை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மேகத்தில் ஈரம் போதவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

துபாய் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 16-இல் அங்கே வெள்ளம் வந்தபோது, "பார்த்தீங்களா, மருந்து தூவினதுல அளவு மீறிப் போச்சு" என்று பரவியது. நம் ஊர்ப் பிள்ளைகள் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டதால் எல்லார் வீட்டிலும் இதே பேச்சு. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 25 சென்டிமீட்டர் பெய்தது. அது வளைகுடா முழுவதையும் பாதித்த பெரிய வானிலை அமைப்பு. ஓமனிலும் உயிர்ப்பலி. பல நாள் முன்பே கணினிக் கணிப்புகளில் தெரிந்த மழை. நாலு விமானம் அதைக் கொண்டுவர முடியும் என்றால் சகாரா இந்நேரம் தஞ்சாவூர் ஆகியிருக்கும்.

ஒரேயடியாகத் தள்ளிவிடவும் நான் தயாரில்லை. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் சோலாப்பூரில் முறையாகச் செய்த ஆராய்ச்சியில், தகுந்த மேகங்களில் தூவியபோது காற்றின் போக்கில் சுமார் நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் 18 சதவீதம் அளவுக்கு மழை கூடியது என்று கண்டிருக்கிறார்கள். நேர்மையான வேலை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு மேகம் தானாகப் பத்து மில்லிமீட்டர் பெய்யும் என்றால் மருந்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு பெய்யும். கூடுதல் இரண்டு மில்லிமீட்டர். நூறு சதுர கிலோமீட்டருக்கு அது இருபது கோடி லிட்டர். எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் காய்ந்து கிடக்கும் செம்மண் இரண்டு மில்லிமீட்டரைப் புழுதி அடங்குவதற்குள் குடித்துவிடும். வாய்க்காலில் ஒரு சாண் ஓடாது.

இதோடு வேறொரு கணக்கையும் வையுங்கள். நூறு ஏக்கர் கண்மாய் ஒன்று. ஒரே ஒரு அடி வண்டல் அள்ளினால் பன்னிரண்டு கோடி லிட்டருக்கு மேல் கூடுதலாக நிற்கும். ஒரே இடத்தில், மடையைத் திறந்தால் வயலுக்குப் போகிற மாதிரி, அதுவும் நிரம்புகிற ஒவ்வொரு வருஷமும். தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. இவற்றை வெட்டியவர்களுக்கு எய்ட்கெனும் தெரியாது, பெர்கரோனும் தெரியாது. மழை நாற்பது நாளில் வந்துவிட்டுப் போகும், மிச்ச நாளுக்கு நாம்தான் பிடித்து வைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

"மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்ற வாசகத்தையும் இங்கேயே பேசிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். அரசு பஸ்ஸின் பின்னாலும், பள்ளிச் சுவரிலும் நாற்பது வருஷமாகப் படிக்கிறோம். இது முழுப் பொய் இல்லை. அமேசான் காட்டில் பெய்யும் மழையில் பெரும் பங்கு அந்தக் காடே வெளியிட்ட ஈரம். மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் மழையின் ஈரத்தில் கால் பங்குக்கும் மேல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வழியாக வருகிறது. ஆகவே அந்த மலைக்காட்டில் கைவைப்பவன் நம் ஆடி, ஆவணி மழையில் கைவைக்கிறான். அது வேறு. தெருவில் நாலு வேம்பு வைத்தால் ஐப்பசி மழை கூடும் என்பது வேறு. வங்கக் கடலில் தாழ்வு உருவாவதை நம் தெரு வேம்பு தீர்மானிக்காது. நிழலுக்கு வையுங்கள், மண் அரிக்காமல் இருக்க வையுங்கள், குருவிக்கு வையுங்கள். மழைக்கு என்று சொல்லி வைத்து, மழை வராவிட்டால் பிள்ளைகள் நம் பேச்சையே நம்பாது.

சீமைக் கருவேல மரம் மேகத்தில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பதும் அப்படி ஒரு கதை. மேகம் முக்கால் கிலோமீட்டருக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் மேலேதான் கட்டவே ஆரம்பிக்கிறது. பதினைந்து அடி முள்மரம் அதை என்ன செய்யும்? அந்த மரம் செய்கிற கெடுதல் தரையில் இருக்கிறது. கண்மாய்க்குள் புகுந்து, வரத்து வாய்க்காலை அடைத்து, வண்டலைத் தேக்கி, வந்த தண்ணீரையும் வரவிடாமல் செய்கிறது. வெட்ட வேண்டியதுதான். ஆனால் சரியான காரணத்துக்காக வெட்டினால், மரத்தை வெட்டியதோடு நிறுத்தாமல் வாய்க்காலையும் தூர் வாருவார்கள். வானத்தைக் காரணம் காட்டியதால் மரத்தை வெட்டி விறகுக்கு விற்றுவிட்டு, வாய்க்காலை அப்படியே விட்டுவிட்டார்கள். மறு வருஷமே முள் முளைத்துவிட்டது.

இன்னொரு விஷயம் அனுபவத்தில் பார்த்தது. கோடை இடிமேகம் என்பது சில கிலோமீட்டர் அகலம்தான். ஆபீஸ் மழைமானியில் நான்கு சென்டிமீட்டர் பதிவாகியிருக்கும். எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர்க்காரர் வந்து, "ஐயா, எங்க ஊர்ல ஒரு தூறல்கூட இல்லை, நீங்க பேப்பர்ல நல்ல மழைன்னு போட்டுட்டீங்க. நாளைக்கு வறட்சி நிவாரணம் கேட்டா இதைக் காட்டித் தள்ளிருவாங்களே" என்று நிற்பார். அவர் சொன்னதும் சரி, மழைமானி சொன்னதும் சரி. மேகம் அப்படித்தான் பெய்யும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நனைந்து அந்தப் பக்கம் காய்ந்திருக்கும். இப்போது தானியங்கி மழைமானிகள் நிறைய வைத்து வருகிறார்கள். செயற்கை மழைக்குச் செலவிடும் பணத்தில் ஊராட்சிக்கு ஒன்று வைத்தால் நிவாரணத்திலும் பயிர்க் காப்பீட்டிலும் பாதிச் சண்டை குறையும்.

இனிமேல் மழை குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, வருகிற விதம்தான் மாறும் என்பதே. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் ஆவியை வைத்துக்கொள்ளும். தூக்கிவிட ஆள் கிடைக்கும் நாளில் அத்தனையும் ஒரேயடியாக இறங்கும். 2015 டிசம்பர் 2 காலை வரை ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 18 காலை வரை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். மாநிலம் முழுசுக்கும் வருஷ சராசரியே 92 சென்டிமீட்டர்தான்! எங்கள் தாலுகா பதிவேட்டில் அப்படி ஒரு எண்ணை எழுதியிருந்தால் மேலதிகாரி தசமப் புள்ளி தவறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார். நடுவில் 2019-இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் போனது. கொட்டுகிற வருஷமும் காய்கிற வருஷமும் மாறி மாறி வருகிறது என்றால், கொட்டுகிற வருஷத்து நீரைப் பிடிக்கிற பாத்திரத்தைத்தானே முதலில் கவனிக்க வேண்டும்?

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வருகிற வாரி இரண்டரை கிலோமீட்டர். அதன் குறுக்கே ஒரு அலுவலகக் கட்டடம் சுற்றுச்சுவரோடு எழுந்து பதினைந்து வருஷம் ஆகிறது. தண்ணீர் போக இரண்டு சிமெண்ட் குழாய் பதித்திருக்கிறார்கள், அதில் ஒன்று பிளாஸ்டிக் பைகளால் அடைத்துக் கிடக்கிறது. கிராமக் கணக்கில் அந்த இடம் இன்னும் "வாரி, புறம்போக்கு" என்றுதான் இருக்கிறது. அந்தப் பதிவை நானே பார்த்திருக்கிறேன். போன வருஷம் கலுங்கு தாண்டும் அளவுக்கு மழை பெய்தும் கண்மாய் முக்கால்தான் நிரம்பியது. மிச்சம் ரோட்டில் ஓடி, பஸ் ஸ்டாண்டில் முழங்கால் அளவு நின்று, ஆற்றில் போய் விழுந்தது. ஓய்வூதியர் சங்கத்தில் இருந்து நாங்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு மூன்று மனு கொடுத்திருக்கிறோம். இரண்டுக்கு ரசீது கிடைத்தது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முன் அந்தக் குழாய்களையாவது சுத்தம் செய்ய வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க உத்தேசம். டீக்கடை நண்பர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.